பள்ளிக்கூட வருஷம் எப்பொழுது ஆரம்பிக்க வேண்டும்?

(வேப்பனப்பள்ளிப் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஒரு குடியானவர் வீட்டில் எத்தனை வருஷங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. சித்திரை முதல் தேதியில் தமிழ் வருஷம் பிறக்கிறது. வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் அதற்கு முன்னரே யுகாதி வந்துவிடுகிறது. ரெவின்யூக் கணக்கில் பசலி வருஷம் ஜூலை முதல் தேதியில் தொடங்குகிறது. சர்க்காரின் வரவு செலவுக் கணக்கு 1867 ஆம் வருஷம் முதல் ஏப்ரல் முதல் தேதியில் தொடங்கி வருகிறது. இவை போதாவென்று, பிள்ளைகளை உடைய வீடுகளில் ஜூன் மாதத்தில் இன்னொரு வருஷம் பிறக்கிறது. அதுவே பள்ளிக்கூட வருஷம். மற்ற வருஷங்கள் பிறக்கும்பொழுது வீட்டில் பாயசம் உண்டு. இந்த வருஷம் பிறக்கும்பொழுது செலவு மட்டுமே உண்டு.

இவற்றுள் ஒன்றேனும் வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய சௌகரியத்தை உத்தேசித்து ஏற்பட்டது. பசலி வருஷம் வரி வசூலிப்பவருடைய சௌகரியத்துக்கு ஏற்பட்டது. பள்ளிக்கூட வருஷம் யாருடைய சௌகரியத்துக்கு ஏற்பட்டது? அஃது இந்தச் சீமையின் பருவத்துக்கும் பயிருக்கும் பையிலுள்ள காசுக்கும் பொருந்துகிறதா? பொருந்தாவிடில் அதை மாற்றும் அதிகாரம் யாரிடத்தில் இருக்கிறது? கூட்டுறவுச் சங்கத்தில் பேசத்தக்க விஷயமா இது என்று சிலர் ஐயுறலாம். ஜூன் மாதத்தில் சங்கத்தின் நகைக்கடன் மேஜையருகே நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது.

பள்ளி திறக்கும் தேதி அசைக்க முடியாததன்று என்பதைச் சென்ற சில வருஷங்களே காட்டின. 2023 ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூன் முதல் வாரத்தில் திறக்கப்படுவதாக இருந்தது. வெயிலின் கொடுமையால் அது 7 ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. வெயில் தணியாமையால் மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டு, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புக்கள் 12 ஆம் தேதியும், 1 முதல் 5 வரையுள்ள வகுப்புக்கள் 14 ஆம் தேதியும் தொடங்கின. 2024 இல் ஜூன் 6 என்று குறிக்கப்பட்ட தேதி 10 ஆயிற்று. 2025 இல் மட்டும் குறித்தபடி ஜூன் 2 ஆம் தேதியே கதவு திறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கினி நட்சத்திரம் மே மாதக் கடைசியில் கழிந்தபின் வேப்பனப்பள்ளியில் மேல்காற்று எழும்புகிறது, மேகமும் கூடுகிறது, வெயிலின் முனை மழுங்குகிறது. சென்னைப் பட்டணத்திலும் கிழக்குக் கரையோரத்திலும் நிலைமை வேறு. அங்கே மேல்காற்றுக் கடற்காற்றைத் தடுத்து நிறுத்துவதால் ஜூன் மாதமும் மே மாதத்தைப் போலவே கொதிக்கிறது. ஆகவே சென்னைக்கு நியாயமான ஓர் ஒத்திவைப்பு, மாநிலம் முழுமைக்கும் ஒரே உத்தரவாக வந்தபொழுது, மார்க்கண்டேய நதிக்கரையிலுள்ள பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அவ்வாறு இழந்த நாட்களை ஈடுசெய்யப் பின்னால் சனிக்கிழமைகளில் அவர்களும் உட்கார வேண்டியதாயிற்று. உத்தரவிட்டவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே தேதி எல்லாச் சீமைக்கும் பொருந்தாது என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. விஜயதசமியன்று நெல்லில் எழுதுவித்து அக்ஷராப்பியாசம் செய்வது வழக்கம். ஆயினும் பிள்ளைகள் வந்து சேர்ந்த நாளே அவரவர்க்கு வருஷப் பிறப்பு. வகுப்பு என்ற பாகுபாடு கிடையாது. எல்லோருக்கும் பொதுவான பரீட்சையும் கிடையாது. அரிச்சுவடி முடித்தவன் எண்சுவடிக்குப் போவான். அறுவடைக்குத் தகப்பனார் அழைத்துச் சென்றால் திரும்பி வந்து, விட்ட இடத்தில் தொடங்குவான். அம்முறையில் குறைகள் அநேகம். பெண்களுக்கும் ஒதுக்கப்பட்ட ஜாதியாருக்கும் பெரும்பாலும் அதில் இடமே இருந்ததில்லை. அதைப் புகழ்வது இங்கே நோக்கமன்று. பள்ளிக்கூட வருஷம் என்பதே வகுப்பும் பொதுப் பரீட்சையும் ஏற்பட்டபின் வந்தது என்பது மட்டுமே அறியத்தக்கது. பரீட்சை எப்பொழுது முடிகிறதோ, அதை ஒட்டியே வருஷமும் முடியும். சென்னைச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சை ஒரு காலத்தில் டிசம்பர் மாதத்தில் நடந்தது. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1903 டிசம்பரில் அப்பரீட்சையில் தேறி, 1904 இல் கும்பகோணம் காலேஜில் சேர்ந்தார். பிற்காலத்தில் பரீட்சை வெயில் காலத்துக்கு முன்னால் என்றும், விடுமுறை வெயிலில் என்றும், திறப்பு அதன் பின்னர் என்றும் நிலைத்துவிட்டன.

திறக்கும் தேதிக்கும் பிள்ளையின் வயதுக்கும் உள்ள சம்பந்தம் யாவரும் அறிந்ததே. தமிழ்நாட்டில் ஜூலை 31 ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்த குழந்தை முதல் வகுப்பில் சேரலாம். ஆகஸ்டு முதல் வாரத்தில் பிறந்த குழந்தை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு இணங்கவே, முன் தலைமுறையில் உபாத்தியாயர்கள் பிள்ளையின் காதைக் கையால் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறந்த தேதியை மே என்றோ ஜூன் என்றோ எழுதிவிடுவார்கள். அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், அறுபது வயது கடந்தவர்களில் பலர் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்திருப்பதைக் காணலாம். ஊரில் அத்தனை குழந்தைகளும் வெயிலிலேதான் பிறந்தார்களா என்று கேட்பது வீண்.

கிராமத்தின் பருவத்துக்குப் பள்ளியின் பருவம் இணங்க வேண்டும் என்ற அபிப்பிராயம் புதிதன்று. சைமன் கமிஷனுக்குத் துணையாக ஸர் பிலிப் ஹார்ட்டாக் தலைமையில் அமைந்த கமிட்டி 1929 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆரம்பப் பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் எழுத்தறிவு நிலைபெறும் முன்னரே நின்றுவிடுகின்றனர் என்றும், சிலர் ஒரே வகுப்பில் வருஷக்கணக்கில் தேங்கிவிடுகின்றனர் என்றும் அக்கமிட்டி கண்டது. அதற்குப் பரிகாரங்களாக அது கூறியவற்றுள் ஒன்று, பள்ளி நேரத்தையும் விடுமுறையையும் அந்தந்த இடத்தின் பருவத்துக்கும் தேவைக்கும் தக்கபடி அமைக்க வேண்டும் என்பது. அக்காலத்தில் இந்த யோசனை ஏட்டளவில் நின்றது. நல்ல யோசனையாயிற்றே, ஏன் நின்றது என்று வினவுவோர்க்கு, அந்த யோசனைக்குள்ளேயே ஓர் அபாயமும் ஒளிந்திருப்பதைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தச் சீமையின் பருவத்தைப் பார்ப்போர் காண்பது யாது? மானாவாரி நிலத்தில் ராகி விதைப்பு ஜூன் கடைசியிலும் ஆடியிலும் நடக்கிறது. நிலக்கடலையும் ஏறக்குறைய அதே காலத்தில் போடப்படுகிறது. களையெடுப்பு ஆவணியில். மழை இங்கே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மிகுதி. ராகி அறுப்பும் கதிர் அடிப்பும் கார்த்திகை, மார்கழியில். தைக்கும் பங்குனிக்கும் நடுவே புளி உலுக்குதல். இவை யாவற்றினும் பெரியது மாந்தோப்பு. கிருஷ்ணகிரி ஜில்லா மாமரத்துக்குப் பெயர்போனது. முந்திப் பழுக்கும் ஜாதிகள் சித்திரையிலேயே சந்தைக்கு வந்தாலும், கூழ் எடுக்கும் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரி, அதாவது ஊரார் பெங்களூரா என்று சொல்லும் காய், ஜூன் மாதத்திலும் ஜூலையிலுமே பெருவாரியாக இறங்குகிறது. பள்ளி திறக்கும் மாதமும் தோப்பில் ஆள் தேவைப்படும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. காய் பறிப்பதற்குப் பெரியவர்கள் ஏறினாலும், பொறுக்குவதற்கும் கூடையில் நிரப்புவதற்கும் தோப்பைக் காப்பதற்கும் சிறுவர் கை தேடப்படுகிறது.

இதைக் கண்டு, பள்ளிக்கூட வருஷத்தை ஜூலை நடுவில் தொடங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேறு சிலர், வட இந்தியாவில் பல இடங்களில் நடப்பதுபோல் ஏப்ரலில் தொடங்கி, மேயில் விடுமுறை விட்டு, மீண்டும் ஜூனில் கூடலாம் என்பர். இரண்டையும் எடைபோட வேண்டும்.

ஏப்ரல் யோசனையில் ஒரு நன்மை உண்டு. புதிய வகுப்பின் புத்தகங்கள் விடுமுறைக்கு முன்னரே கைக்கு வரும். விடுமுறையில் பிள்ளை அவற்றைப் புரட்டக்கூடும். ஆனால் ராகிக் குடும்பத்தின் கையில் ஏப்ரலில் பணம் குறைவு. கிணற்றில் நீரும் குறைவு. பள்ளியின் குழாயிலும் அவ்வாறே. ஆகையால் இங்கே அது பொருந்தாது. ஜூலை யோசனையோ தோப்புக்காரருக்கு இனிப்பாகத் தோன்றும். ஆனால் ஜூலையில் தொடங்கினால் வருஷம் மே மாதத்தில் முடிய வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழ்ப் பரீட்சை எழுத வேண்டும். அன்றியும், மாங்காய் ஒழிந்த வேளையில் ஆடி விதைப்பு வந்துவிடும். விதைப்புக்குப்பின் களையெடுப்பு. பிள்ளையின் கையை நம்பும் வேலை முடிந்த மாதத்தில் பள்ளியைத் திறப்பது என்று தீர்மானித்தால், அப்படி ஒரு மாதம் பஞ்சாங்கத்தில் அகப்படாது.

இவ்விடத்தில்தான் முன் குறித்த அபாயம் வருகிறது. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்தபொழுது, 1953 இல் ஆரம்பக் கல்வியில் ஒரு புதிய திட்டத்தைக் கிராமங்களில் புகுத்தினார். பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய வேளையில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. இருக்கும் கட்டடத்தையும் உபாத்தியாயரையும் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் ஜனங்கள் அதில் கண்டது வேறு. வண்ணார் பிள்ளை வெளுக்கவும், குயவர் பிள்ளை வனையவும், பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்கவும் என்றைக்கும் கட்டுப்பட்டிருக்க இது வழி செய்யும் என்று கண்டு, அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் மட்டுமன்றிக் காங்கிரஸிலேயே பலரும் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவியை விட்டு விலகினார், காமராஜர் முதன்மந்திரியானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பள்ளியைப் பயிரின் பருவத்துக்கு இசைவிப்பது என்பதற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. வீட்டில் யாவரும் வேலையில் இருக்கும் பத்து நாளில் பாடம் நடத்தினால் பிள்ளை பாடத்தை இழக்குமே, ஆகையால் பாடத்தை வேறு நாளுக்கு மாற்றுவோம் என்பது ஓர் அர்த்தம். பிள்ளை வயலுக்கு உரியது, மிஞ்சிய நேரம் பள்ளிக்கு என்பது மற்றோர் அர்த்தம். முன்னது பிள்ளையின் பக்கம் நின்று கணக்கிடுகிறது. பின்னது தோப்பின் பக்கம் நின்று. சங்கக் கூட்டத்தில் இவ்விஷயம் பேசப்படும்பொழுது, பேசுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மற்றவர்கள் கவனித்துக்கொள்வது நலம். பிறர் தோப்பில் சிறுவர் கூலிக்கு நிற்பதைச் சட்டம் எந்த மாதத்திலும் அனுமதிக்கவில்லை. 1986 ஆம் வருஷத்துச் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபொழுது, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை தன் குடும்பத்தின் வேலையில் பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ உதவலாம் என்ற அளவே விலக்குத் தரப்பட்டது.

வெளிநாட்டார் அனுபவமும் சிறிது உதவும். அமெரிக்காவில் நீண்ட கோடை விடுமுறை குடியானவர்களுக்காக ஏற்பட்டது என்று அந்நாட்டாரே பலர் நம்புகின்றனர். உண்மை வேறு. அங்கே 19 ஆம் நூற்றாண்டில் கிராமப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலும் நடந்தன. விதைப்பும் அறுப்பும் நடக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலுமே மூடியிருந்தன. கோடை விடுமுறை நகரத்தாரின் வெப்பத்தாலும் அவர்கள் ஊர் விட்டுச் செல்லும் வழக்கத்தாலும் வந்தது. பின்னர் அதுவே கிராமத்துக்கும் விதியாயிற்று. ஸ்காட்லாந்தில் அக்டோபர் மாதத்து விடுமுறையை உருளைக்கிழங்கு விடுமுறை என்றே இன்றும் சொல்கின்றனர். முன்னாளில் பிள்ளைகள் கிழங்கு பொறுக்கப் போனார்கள். இப்பொழுது இயந்திரம் பொறுக்குகிறது. விடுமுறையும் பெயரும் நிலைத்திருக்கின்றன. ஜப்பானில் பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது. 2020 இல் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடிக்கிடந்தபொழுது செப்டம்பருக்கு மாற்றலாமா என்று அந்நாட்டு அரசாங்கம் ஆலோசித்து, சிக்கல்களைக் கண்டு விட்டுவிட்டது. இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் ஜனவரியில் தொடங்குவது வழக்கம். அதே நோயும், இலங்கையில் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் அந்த ஒழுங்கைக் குலைத்தன. இலங்கை 2025 இலும் மலேசியா 2026 இலுமே மறுபடி ஜனவரிக்குத் திரும்பின. காஷ்மீரத்தில் 2022 இல் வருஷத் தொடக்கத்தை மார்ச்சுக்கு மாற்றி, 2024 இல் பழையபடி நவம்பருக்கே திருப்பினார்கள். அங்கே பனிக்காலமே பெரிய விடுமுறை. அருகிலுள்ள கேரளத்தில் பள்ளி திறக்கும் நாளும் பருவமழை இறங்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், விடுமுறையை ஏப்ரல், மே மாதங்களிலிருந்து ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025 இல் கல்வி மந்திரியே பொதுஜன அபிப்பிராயம் கேட்டார். வருஷத்தின் தலையை நகர்த்துவது ஒரு நாள் வேலையன்று. குலைந்தால் சரிப்பட வருஷங்கள் பிடிக்கும் என்பதே இவற்றிலிருந்து தெரிவது.

இனி நாட்கணக்கு. 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, 1 முதல் 5 வரையுள்ள வகுப்புக்களுக்கு வருஷத்தில் குறைந்தது 200 வேலை நாட்களும், 6 முதல் 8 வரை 220 நாட்களும் வேண்டும். மணிக்கணக்கில் முறையே 800, 1,000. ஒரு வருஷத்தின் 365 நாட்களில் ஞாயிறு 52, சனி 52 கழித்தால் நிற்பது 261. அதில் 220 வேலை நாள் போக மிஞ்சுவது 41. மே மாதம் ஒன்றே இருபதுக்கு மேல் விழுங்கிவிடும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்குப் பத்து நாள் போனால், தீபாவளி, பொங்கல், ரம்ஜான், யுகாதி, சுதந்திர தினம் முதலிய அனைத்துக்கும் சேர்த்து எஞ்சுவது பத்துக்கும் குறைவு. இதனாலேயே சனிக்கிழமைகள் சில வேலை நாளாகின்றன. பெரிய வகுப்புக்களுக்கு இடமே இல்லை என்பது இதனால் விளங்கும். ஆனால் சிறு வகுப்புக்களுக்குத் தேவை 200 தான். அங்கே இருபது நாள் கையிருப்பு உண்டு. அந்த இருபது நாளை வெயிலுக்கென்றும் மழைக்கென்றும் சிதறவிடுவதா, ஊரின் தேவைக்கென்று ஒழுங்காகச் செலவிடுவதா என்பதே உண்மையான கேள்வி.

கேள்வியை யார் தீர்மானிப்பது? இங்கே பலரும் அறியாத ஒரு விதி இருக்கிறது. மேற்படி சட்டத்தின் 9 ஆம் பிரிவு ஸ்தல ஸ்தாபனத்தின் கடமைகளை வரிசையாகக் கூறுகிறது. அவ்வரிசையின் கடைசியில், கல்வி வருஷத்தின் நாட்காட்டியைத் தீர்மானிப்பதும் அதன் கடமை என்றிருக்கிறது. ஸ்தல ஸ்தாபனம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் பஞ்சாயத்தும் அடங்கும். பள்ளியின் மீது நிர்வாக அதிகாரமுள்ள வேறு எந்த அமைப்பும் அதில் அடங்கும் என்றும் சேர்த்திருப்பதால், நடைமுறையில் சென்னையிலுள்ள கல்வி இலாகாவே மாநிலம் முழுமைக்கும் தேதி குறித்து வருகிறது. எனினும், உள்ளூரார் இவ்விஷயத்தில் பேசுவது அத்துமீறல் அன்று. சட்டமே அவர்களை நினைத்து எழுதப்பட்டது. 10, 12 ஆம் வகுப்புக்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவை பரீட்சைக்கும் காலேஜ் சேர்க்கைக்கும் கட்டுப்பட்டவை; ஓர் ஒன்றியத்துக்காக அவை நகரா. எட்டாம் வகுப்பு வரையில் தமிழ்நாட்டில் பொதுப் பரீட்சை இல்லை. அந்த எட்டு வருஷங்களிலேயே உள்ளூர் யோசனைக்கு இடம் இருக்கிறது.

வேப்பனப்பள்ளிக்கு வேறு ஒரு விசேஷ நிலைமை உண்டு. வடக்கே கர்நாடகத்தின் கோலார் ஜில்லா. வடகிழக்கே ஆந்திரத்தின் குப்பம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களும், ஓசூர் ஆலைகளுக்கு வந்து சேரும் வெளிமாநிலக் குடும்பங்களும் பிள்ளைகளோடு இடம் மாறுகின்றன. 2025 ஆம் வருஷத்தில் கர்நாடகப் பள்ளிகள் மே 29 ஆம் தேதியும், தமிழ்நாட்டில் ஜூன் 2 ஆம் தேதியும், ஆந்திரத்தில் ஜூன் 12 ஆம் தேதியும் திறந்தன. அங்கே தசரா விடுமுறை நீண்டது. இங்கே காலாண்டுப் பரீட்சையை ஒட்டியே விடுமுறை. வயதுக் கணக்கும் வேறு. கர்நாடகத்தில் முதல் வகுப்புக்கு ஜூன் முதல் தேதியில் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டு, 2025-26 க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தப்பட்டது. ஆகவே ஒரே பாட்டிக்கு எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரே வயதினராக இருந்தும், வகுப்பில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக இருக்கக்கூடும்.

மூன்று மாநிலங்களையும் ஒரே தேதிக்குக் கொண்டுவருவது கூட்டுறவுச் சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது வேறு. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும், சர்க்கார் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் மாற்றம் கேட்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கையைத் தாமதிக்கக்கூடாது. வருஷத்தின் நடுவில் வந்தாலும் மறுக்கக்கூடாது. இவை மேற்படி சட்டத்தின் 5 ஆம், 15 ஆம் பிரிவுகளில் உள்ளவை. இவ்விரண்டு பிரிவுகளையும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிச் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவைத்தால், அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

விடுமுறையின் நீளத்தைப் பற்றிப் பேசும்பொழுது சோற்றை மறக்கக்கூடாது. காமராஜர் 1956 இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 இல் விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லாச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிவடைந்த காலைச் சிற்றுண்டியும் பள்ளி நாளையே சோற்று நாளாக்கியிருக்கின்றன. தாயும் தகப்பனும் விடியுமுன் ஆலைப் பேருந்தில் ஓசூருக்குப் போய்விடும் வீட்டில், பள்ளி திறப்பு ஒரு வாரம் தள்ளிப்போனால் பிள்ளைக்கு ஐந்து காலைச் சிற்றுண்டியும் ஐந்து மதியச் சாப்பாடும் தள்ளிப்போகின்றன. ஆலைக்கு விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே பருவம். முப்பது வருஷத்துக்கு முன் இருந்த ஊருக்கு ஏற்ற வாதங்களை இன்றைய ஊருக்கு அப்படியே கொண்டுவருவது சரியாகாது. தோப்புக்காரர் ஒத்திவைப்பை விரும்பலாம். ஆலைக்குப் போகும் தாய் ஒரு நாள் முன்னதாகத் திறந்தாலும் மகிழ்வாள். கூட்டத்தில் அவளுடைய சொல் கேட்கப்படுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கூட்டம் அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலேயே கூடுகிறது.

கடைசியாகக் காசு. சர்க்கார் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு இலவசம். பேருந்துச் சீட்டும் இலவசம். தனியார் பள்ளியில் ஜூன் மாதம் என்றால் கட்டணம், வண்டிக் கூலி, புத்தகம், துணி எல்லாம் ஒருங்கே வந்து நிற்கின்றன. அந்த மாதத்திலேயே விதையும் உழவுக் கூலியும் வேண்டும். மாங்காய்ப் பணமோ நிச்சயமில்லாதது. 2025 ஜூனில் தோத்தாபுரி விலை சரிந்ததும், சித்தூர் ஜில்லா நிர்வாகம் வெளிமாநிலக் காயை உள்ளே விடாமல் தடுத்ததும் தோப்புக்காரர்கள் மறவாதவை. காய் விலை போனவுடன் கழுத்துச் சங்கிலி சங்கத்துக்கு வருகிறது. பயிருக்கென்று வாங்கிய கடனில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போனால், உரம் போட வேண்டிய நாளில் பயிர் பட்டினி கிடக்கும்.

இதற்குப் பள்ளித் திறப்பை மாற்றுவது பரிகாரமன்று. ஜூலையில் திறந்தால் ஜூலையில் அதே சங்கிலி வரும். தை மாதத்தில் ராகி விற்ற பணத்திலும், மாசி, பங்குனியில் புளி விற்ற பணத்திலும் ஒரு சிறு தொகையை மாதந்தோறும் சங்கத்தில் தொடர் வைப்பாகக் கட்டி, மே மாதக் கடைசியில் முதிரும்படி அமைத்துக்கொள்ளலாம். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஐந்து தவணை கட்டினால் 5,000 ரூபாயும் வட்டியும் பள்ளி திறக்கும் வாரத்தில் கையில் நிற்கும். ஆலைக் கூலிக்காரருக்கு இது பன்னிரண்டு மாதமும் இயலும். 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததன் நோக்கங்களுள் முதலாவதாகச் சிக்கனத்தைக் குறித்தார்கள். கடன் அதன் பின்னரே வந்தது.

ஆக, ஜூன் தொடக்கத்தை மாற்றக் கேட்பதற்கு இந்தப் பக்கத்தில் போதிய காரணம் இல்லை. வெயில் இங்கே அதற்குள் தணிகிறது. ராகி வீட்டுக்கு வந்தபின் ஆண்டுப் பரீட்சை வருகிறது. கேட்கத் தக்கவை இரண்டே. பட்டணத்து வெயிலுக்காகத் திறப்பு ஒத்திவைக்கப்படும் வருஷத்தில், இந்தச் சீமைப் பள்ளிகள் குறித்த தேதியிலேயே திறக்க ஜில்லாக் கலெக்டருக்கு அனுமதி இருக்க வேண்டும். மழைக்காக விடுமுறை விடும் அதிகாரம் அவரிடம் இருப்பதுபோல் வெயிலுக்கும் இருக்கலாம். இரண்டாவது, சிறு வகுப்புக்களின் இருபது நாள் கையிருப்பில் ஐந்தோ ஆறோ நாட்களை, ஊரின் பெரிய வேலை நடக்கும் வாரத்துக்கென்று உள்ளூர் விடுமுறையாக முன்கூட்டியே குறித்துவிடலாம். சோறு மட்டும் அந்நாட்களிலும் சமைக்கப்பட வேண்டும்.

எந்த வாரம் என்பதை ஊகத்தால் தீர்மானிக்கக் கூடாது. தலைமை உபாத்தியாயரிடம் உள்ள வருகைப் பதிவேடு அதைச் சொல்லும். மூன்று வருஷத்துப் பதிவேட்டில் ஜூன் முதல் நான்கு வாரங்களையும், கார்த்திகை அறுப்பு வாரங்களையும் தனியே எடுத்து, எத்தனை பிள்ளைகள் வரவில்லை, அவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தக் குக்கிராமத்துப் பிள்ளைகள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் மட்டும் வராமல் பின்னர் ஒழுங்காக வருகிறார்கள் என்றால் காரணம் காசாகவோ ஊர்ப் பயணமாகவோ இருக்கும். நான்கு வாரமும் விட்டுவிட்டு வந்தால் தோப்பாக இருக்கும். வந்தவர்கள் அடியோடு நின்றுவிட்டால் அவ்வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மையினர்; பதிவேட்டைப் பார்க்கக் கேட்பது அவர்களுக்குப் புதிதன்று. சங்க அங்கத்தினர்களில் அக்குழுவிலும் இருப்பவர்கள் இந்த வேலையை மேற்கொள்ளலாம்.

கிராம சபை மே முதல் தேதி கூடுகிறது. அன்று இந்தத் தாளோடு தீர்மானம் கொண்டுவர வேண்டுமானால், ஏப்ரல் மாதத்தில் பள்ளி விடுமுறைக்கு மூடுவதற்கு முன்னரே பதிவேட்டைப் பார்த்துவிட வேண்டும். மூடியபின் அலமாரிச் சாவி உபாத்தியாயரோடு ஊருக்குப் போய்விடும்.